கிழக்குப் பக்கத்தை மட்டும் நேராக வெட்டிய குளம்

அன்று காலை குளம் வெட்டும் இடத்தில் இருந்தவர்கள் நான், என் மூத்த மகன், என் மகள், என் இளைய மகன், மண் வெட்டும் பொக்லைன் மிஷினைக் கூலிக்கு ஓட்ட வந்த ஒரு தம்பி ஆகிய ஐந்து பேர். வேறு யாரும் இல்லை. பெரிய மருமகள் இருந்ததாக யாராவது சொன்னால் அது பொய். அவள் இடுப்பு வலி என்று வீட்டில் படுத்திருந்தாள், வேலை நடக்கிற நாளில் அவளுக்கு இடுப்பு வலி வரும். சின்ன மருமகள் டவுனில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். என் மகளின் கணவர் லாரியோடு வெளியூரில் இருந்தார். ஆக ஐந்து பேர். அதில் ஒருவன் இப்போது இல்லை. ஒருவன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான்.

நான் மேற்படி முகவரியில் மூத்த மகன் வீட்டின் பின் அறையில் வசித்து வருகிறேன். வயது எழுபத்தொன்று என்று அட்டையில் இருக்கிறது. எழுபத்து மூன்று என்று எழுதவும். அட்டைக்கு விவரம் பதிந்த ஆள் அன்றைக்கே இரண்டு வருஷத்தை விழுங்கிவிட்டான். கேட்டதற்கு “இளமையாவே இருந்துட்டுப் போங்க பாட்டி” என்று சிரித்தான். அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் மயக்கம் தெளிந்து நல்ல நினைவோடுதான் இதைச் சொல்கிறேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை.

என் கணவர் இறந்த பிறகு நிலத்தை மேற்கே பாதி மூத்தவனுக்கும் கிழக்கே பாதி சின்னவனுக்கும் பிரித்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு வரப்பு. மகளுக்குக் கல்யாணத்திலேயே நகையாகக் கொடுத்தாகிவிட்டது. ஆண்மக்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சின்னவன் சைக்கிளைத் தொட்டுவிட்டான் என்று மூத்தவன் அவன் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான், இரண்டு நகம் கறுத்து விழுந்தது. சின்னவனும் சாது இல்லை. வளர்ந்த பிறகு, மோட்டார் சுவிட்சை யார் அணைத்தது என்ற சண்டையில் மண்வெட்டிக் காம்பால் அண்ணன் வாயிலேயே போட்டான். முன்பல் தெறித்து அடுப்பங்கரை வரை வந்தது. அதை நான்தான் குப்பையோடு கூட்டி அள்ளினேன். இந்த இரண்டு பேரையும் பெற்ற வயிறு என்பதால் இரண்டு பேருக்கும் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு போன வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியோடு போய்விட்டது. மூத்தவன் பங்கின் கிழக்கு ஓரத்தில், வரப்பை ஒட்டி, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு. அங்கே குளம் வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆகும் என்று சொன்னது என் மகள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் களிமண் வருவதைப் பார்த்து, அதை உருட்டிப் பார்த்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி அது வற்றாமல் நிற்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்தாள். நின்றது. அதன் பிறகு தன் சங்கிலியை விற்று இதில் போட்டாள், மீன் வளர்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பேசி முடிக்க எல்லோரும் மூத்தவன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மிஷினுக்கு மணிக் கூலி, மண்ணை அள்ளிப் போட டிராக்டர், கரையை இடித்து இறுக்க ஆள், தண்ணீர் வரும் வாயில் கல், நிறைந்தால் வெளியே போகக் குழாய், சின்னவன் வழிப் பேத்தி ஓடி விளையாடுகிற இடம் என்பதால் வேலி, இப்படி ஒவ்வொன்றாக மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். டிராக்டர் செலவுதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக வந்தது. அவள் அதைத் தூக்கிவிட்டாள். மேல் மண்ணை வயலில் பரப்பிவிடலாம், மற்றதைக் கரையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றாள். எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. இறுகிக் கிடக்கிற மண் வேறு, வெட்டியெடுத்த மண் வேறு. ஒரு குழியைத் தோண்டி அதே மண்ணை அதே குழியில் போட்டால் மேலே மேடு நிற்கும். இதை நான் என் கணவரைப் புதைத்த அன்றே கண்ணால் பார்த்திருக்கிறேன், இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்ததாகச் சரிவுப் பேச்சு வந்தது. குளத்தைப் பெட்டி மாதிரி நேராக வெட்டினால் பக்கம் நிற்காது, ஓர் அடி இறங்கினால் ஒன்றரை அடி வெளியே தள்ளிச் சரிவாக வெட்ட வேண்டும். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று பக்கச் சரிவும் மூத்தவன் நிலத்திலேயே வந்தது. கிழக்குப் பக்கச் சரிவு யார் நிலத்தில் என்பதில்தான் பிடித்துக்கொண்டார்கள். வரப்பைத் தாண்டித் தன் பக்கம் ஒரு சாண்கூட வரக்கூடாது, சரிவைக் குளத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்ளட்டும் என்று சின்னவன் சொன்னான்.

“உள்ள இழுத்தா அது குளமா, குளிக்கிற தொட்டியாடா? தண்ணி மட்டும் ரெண்டு பேருக்கும், நிலம் மட்டும் என்னோடதா?” என்று மூத்தவன் கேட்டான்.

“இடம் இல்லன்னா உன் தொப்பையில போடு சரிவை. அங்க இன்னொரு குளமே வெட்டலாம்” என்றான் சின்னவன்.

நானும் சிரித்துவிட்டேன். மூத்தவன் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைச் சூட்டோடு அவன் முகத்தில் வீசினான். டம்ளர் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. டீயும் ரத்தமும் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. சின்னவன் மேசையைக் கவிழ்த்துவிட்டு அண்ணன் கழுத்தைப் பிடித்தான். நானும் மகளும் ஆளுக்கு ஒருவனை இழுத்து விலக்கினோம். ஆஸ்பத்திரியில் புருவத்தில் தையல் போட்டார்கள். கேட்ட டாக்டரிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சின்னவனே சொன்னான். அண்ணனை அவன் ஒருநாளும் யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை. அதையும் எழுதவும்.

அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பொக்லைனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால் அது வந்துவிட்டது. மகள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். கிழக்குப் பக்கம் என்ன செய்வது என்று மிஷின் தம்பி கேட்டான்.

“நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் நேராவே நிக்கட்டும். மிஷினு சும்மா நின்னாலும் காசுதான தம்பி” என்று மகள் சொன்னாள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தான். பேசி முடிப்பதற்கு ஆள் வேண்டுமே. ஒருவன் முகத்தில் ஒருவன் முழிக்கவில்லை. குளம் மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. மூன்று பக்கம் சரிவு, கிழக்கே சுவர் மாதிரி நேராக இரண்டு ஆள் உயரம். மண்ணும் கணக்குக்கு மேல் வந்தது. மூன்று கரையிலும் கொட்டி முடித்த பிறகு மிச்சத்தைப் போட இடம் இல்லை. மூத்தவன் அதைக் கிழக்குக் கரை மேல், வரப்பைத் தாண்டிச் சின்னவன் நிலத்திலேயே கொட்டச் சொன்னான். வைக்க இடம் இல்லாமல் பாதி, வம்புக்குப் பாதி. அங்கே சின்னவன் நட்டிருந்த மிளகாய் முழுவதும் மண்ணுக்கு அடியில் போயிற்று. நேராக நிற்கிற பக்கத்தின் தலையில் அத்தனை பாரமும் ஏறியது. சின்னவன் அன்று சந்தைக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலை நடந்ததைத்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் மிஷின் தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவன் என்ஜினை நிறுத்திவிட்டு மேற்குக் கரையில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொக்லைன் கிழக்குக் கரையில், மண் மேட்டுக்குப் பின்னால் நின்றது. மகள் டேப்பு பிடித்து ஆழம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வடக்குக் கரையில் வந்து நின்றாள். அப்போது சின்னவன் கடப்பாரையோடு வந்தான். மண் மேட்டில் ஏறி, கடப்பாரையை விட்டு நெம்பிக் கட்டி கட்டியாகக் குளத்துக்குள் தள்ள ஆரம்பித்தான். தெற்குக் கரையில் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்த மூத்தவன் மண்வெட்டியோடு கிழக்குக் கரைக்குப் போனான்.

“டேய், இறங்குடா கீழ.”

“உன் மண்ணு, உன் குழி. நான் எதுவும் எடுத்துட்டுப் போகல.”

“மிஷினு எடுத்த மண்ணுடா அது. உன் அப்பனா வந்து மறுபடி அள்ளிப் போடுவான்?”

“அவன் உனக்கும் அப்பன்தான். கேட்டுட்டு வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டுச் சின்னவன் இன்னொரு கட்டியைத் தள்ளினான்.

மூத்தவன் மேட்டில் ஏறி, மண்வெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தால் அவன் காதோடு சேர்த்து அடித்தான். வெறும் தகரத்தில் அடித்த மாதிரி சத்தம் வந்தது. சின்னவன் விழவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, கடப்பாரையைச் சுழற்றி அடித்தான், அது மூத்தவன் தொடையில் பட்டுக் கால் மடங்கியது. மூத்தவன் முட்டி போட்டபடியே மறுபடியும் அடித்தான். இந்த முறை வெட்டுப் பக்கம். தோளில் இறங்கியது. சட்டையும் சதையும் சேர்ந்து தொங்குவதை இந்தக் கரையிலிருந்தே பார்த்தேன். சின்னவன் கடப்பாரையை விட்டுவிட்டுப் பின்பக்கமாகக் குளத்துக்குள் விழுந்தான். நேராக வெட்டிய பக்கத்தின் அடியில், சுவரை ஒட்டியே விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

அதன் பிறகு நான் ஓடினேன். என் ஓட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மேற்கே இருந்த மிஷின் தம்பி எனக்கு முன்னால் ஓடிக் கிழக்குக் கரைக்குப் போய் மூத்தவனைப் பிடித்தான். மூத்தவன் அவனிடம், “ஏறு. மேட்டைத் தள்ளு. அவன் தலையிலேயே தள்ளு. என் மண்ணை என் குழியில போடச் சொன்னான்ல” என்றான். மிஷின் தம்பி முடியாது என்று சொல்லி மிஷின் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, கீழ ஆள் இருக்கு. உசுரோட இருக்கு. வேணாம்ணே” என்றான். அவன் சொன்ன வார்த்தை அவ்வளவுதான். மூத்தவன் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து அந்தக் கையிலேயே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாவி கீழே விழுந்தது. இந்தத் தம்பி கவனம் இல்லாமல் கரையின் அடியைத் தோண்டியதால்தான் மண் சரிந்தது என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டுப் போட்ட அவன் கையைப் பாருங்கள். சரிந்த மண் முன்கையில் கடப்பாரைத் தடம் போடாது.

மூத்தவன் சாவியை எடுத்து மிஷினில் ஏறினான். இரண்டு வருஷம் குவாரியில் இதை ஓட்டியவன். என்ஜின் உறுமியது. பக்கெட்டைத் தூக்கி மேட்டின் முதுகில் வைத்தான். நான் வடக்குக் கரைச் சரிவில் இறங்கக் காலை வைத்தபோது என் மகள் பின்னாலிருந்து என் இரண்டு கைகளையும் சேர்த்து இடுப்போடு கட்டிப் பிடித்தாள். “போனா நீயும் உள்ள போயிடுவம்மா” என்றாள். அதற்கு மட்டுமாக இருந்தால் பெற்ற தாயைக் காப்பாற்றினாள் என்றே இங்கே சொல்லியிருப்பேன்.

சின்னவன் கீழே எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு மேலே பார்த்தான். பக்கெட் தெரிந்தது. அவனுக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. சைக்கிளைத் தொட்ட வயதில் எப்படிப் பேசுவானோ அப்படி, “அண்ணே, விளையாடாத” என்றான். என்ஜின் சத்தத்திலும் எனக்கு அது கேட்டது. மூத்தவனுக்கும் கேட்டது. அவன் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடினான். பிறகு மிஷினிலிருந்து இறங்க ஒரு காலைப் படியில் வைத்தான். இதை நான் கண்ணால் பார்த்தேன். மிஷின் தம்பியும் பார்த்தான், தனியாகக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வான்.

அப்போது என் மகள் என்னைப் பிடித்த பிடியை விடாமலேயே கத்தினாள். “அண்ணே, இறங்காத. இவன் எழுந்து வந்தா நீ ஜெயிலுக்குப் போவ. கரை சரிஞ்சா யாரும் எங்கயும் போக மாட்டாங்க” என்றாள். அழவில்லை. பதறவில்லை. மேசையில் டிராக்டர் செலவைத் தூக்கியபோது என்ன குரலோ அதே குரல், கொஞ்சம் உரக்க. என் காதுக்குப் பக்கத்தில் அவள் வாய் இருந்தது.

மூத்தவன் படியில் வைத்த காலை எடுத்து உள்ளே வைத்தான்.

நான் அவள் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே கடித்தேன். எனக்கு மேல்வரிசை முழுசாக இருக்கிறது, கீழே நான்கு பல்தான். தடமும் அப்படித்தான் இருக்கும். அதை நாய்க்கடி என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் வீட்டிலும் நாய் இல்லை, அவள் வீட்டிலும் நாய் இல்லை. என் வாயில் ரத்தம் வந்த பிறகும் அவள் விடவில்லை.

பக்கெட் மேட்டைத் தள்ளியது. மேடு மட்டும் வரவில்லை. நேராக நின்ற கிழக்குப் பக்கம் முழுவதும் கதவு சாய்கிற மாதிரி ஒரே பலகையாகச் சாய்ந்தது. சின்னவன் ஒரு கையை மட்டும் தூக்கினான். தூசி அடங்கிய பிறகு அந்தக் கை முழங்கை வரை வெளியே இருந்தது. விரல்கள் மூடித் திறந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் என்னைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மிஷின் தம்பி உடைந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு குளத்துக்குள் குதித்து ஒற்றைக் கையால் மண்ணைப் பறித்தான். “யாராச்சும் வாங்கய்யா” என்று கத்திக்கொண்டே பறித்தான். மூத்தவன் மிஷினில் உட்கார்ந்தபடியே இருந்தான். விரல்கள் மூடின, பிறகு திறக்கவில்லை. அதன் பிறகுதான் என் மகள் என்னை விட்டாள். விட்டதும் விழுந்துவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஓடி வந்தது, முகத்தில் தண்ணீர் தெளித்தது எல்லாம் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது, அதனால் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏன் உடனே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மகள்தான் இருந்தாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் ஊசி போட்டார்கள். ஊசியின் மயக்கம் இறங்கிய இடைவெளியில் அவள் குனிந்து, “அம்மா, ஒருத்தன் போயிட்டான். மிச்சம் இருக்கிறவனையாவது விட்டு வை. மிஷின்காரனுக்குக் கவனக்குறைவுன்னு ரெண்டு வருஷம் கிடைக்கும், வந்துடுவான்” என்றாள். யார் வீட்டுப் பிள்ளையின் இரண்டு வருஷத்தையோ அவள் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டாள். அதன் பிறகு சின்ன மருமகள் பேத்தியோடு வந்தாள். மகள் காப்பி வாங்கப் போயிருந்த நேரம். மருமகள் அழாமல், “அத்தை, அவரு எப்படிப் போனாரு? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாள். சொன்னேன். அவள் என் செருப்பை எடுத்து வந்து காலில் மாட்டி, ஆட்டோவில் ஏற்றி, இங்கே கூட்டி வந்தாள். அவளுக்குச் சாதகமாக நான் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. கல்யாணத்திலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூத்த மகனுக்குத் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே சொல்கிறேனா என்று அதிகாரி மறுபடியும் கேட்டார். தெரிந்தேதான் சொல்கிறேன். அவன் அடித்தான், வெட்டினான், தள்ளினான். ஒன்றையும் மறைக்கவில்லை. சட்டம் அவனுக்கு என்ன கொடுக்கிறதோ கொடுக்கட்டும், நான் உயிரோடு இருந்தால் ஜெயிலுக்குப் போய்ப் பார்ப்பேன். அவன் ஒரு காலைக் கீழே வைத்தவன். மிஷின் தம்பியை விட்டுவிடவும், அவன் கையை நல்ல டாக்டரிடம் காட்டவும் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் சொன்னது, நான் கண்டதும் கேட்டதும் மட்டும். எழுதி முடித்த பிறகு எனக்கு ஒருமுறை நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். ‘மண் சரிந்து’ என்று வந்த ஓர் இடத்தில் ‘மண்ணைத் தள்ளி’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் பொய் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வழக்குக்கு அது தேவைப்படாது என்று எழுதுகிறவர் சொன்னார். எனக்குத் தேவைப்படுகிறது, எழுதுங்கள் என்றேன். இதில் நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருவர்தான். அது என் மகள்.

(ஒப்பம்)